சிவாலய ஓட்டத்துக்கு முன்னால் ஒரு நேரக் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 41. வீடு தக்கலையில், வேலை கழக்கூட்டம் டெக்னோபார்க்கில். வாரத்தில் நான்கு நாள் இரணியலில் ரயில் ஏறிப் போய் வருகிறேன், வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டிலிருந்து வேலை. காலை 6.20-க்குக் கிளம்பினால் இரவு 8.40 ஆகும் திரும்பி வர. இரவு 10 முதல் 11 வரை வெளிநாட்டு வாடிக்கையாளருடன் ஃபோன் கால். போன இரண்டு மாதத்தில் ஆபீஸ் வேலையாக ஒருமுறை பெங்களூரு, ஒரு கல்யாணத்துக்காக பஸ்ஸில் சென்னை. வரும் மாசியில், சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு வெறுங்காலில் போகும் சிவாலய ஓட்டத்துக்குப் பழைய கூட்டாளிகளோடு போக ஆசை. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்காக ஐந்து வாரமாக காலை 4.15-க்கு எழுந்து தினமும் ஓடுகிறேன், ஞாயிறுகளில் மண்டைக்காடு கடற்கரையில் வெறுங்காலோடு. இப்போது இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வலி. ஞாயிறு மட்டும் ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ, வெறும் வயிற்றில் சர்க்கரை 112, பி.பி. 138/88. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. குறட்டை அதிகம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இதெல்லாம் ஒருபுறம். தனியார் பள்ளி ஆசிரியையான என் மனைவி சில மாதமாகப் பேச்சையே குறைத்துவிட்டாள். கேட்டால், "நீங்க வாறதும் தெரியல்ல, போறதும் தெரியல்ல. பிள்ளைக்க படிப்பு எந்த நெலையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்கிறாள். மகளுக்கு எட்டு வயது. என் அம்மாவும் எங்களோடுதான். உடம்பைச் சரிபண்ணினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தக்கலை வாசகருக்கு,

காலிலிருந்து தொடங்குவோம். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கும், கால் காத்திருக்காது.

முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வரும் வலி மூன்று வகையாக இருக்கலாம். ஒன்று அவசரம், ஒன்று ஓட்டத்தை நிறுத்தியே ஆகவேண்டிய வகை, மூன்றாவது உங்களுக்கு இருக்கக்கூடியது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து போய் வந்திருக்கிறீர்கள். அதனால் காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறதா என்பதை முதலில் விலக்கிவிட வேண்டும். இன்றைக்கே ஒரு டேப் எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு முண்டாகத் தட்டுப்படும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு காலிலும் கெண்டைச்சதையின் சுற்றளவைப் பாருங்கள். இடது கால் 3 செ.மீ.க்கு மேல் அதிகமாக இருந்தாலோ, அந்தக் கால் சூடாகவோ சிவந்தோ இருந்தாலோ, கெண்டையை அமுக்கும்போது உள்ளே ஆழமாக நொந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். அதோடு மூச்சு வாங்கினால் அல்லது நெஞ்சு குத்தினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

வீக்கம் இல்லை என்றால் அடுத்தது எலும்பு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இடது காலை வலது முழங்கால்மேல் போடுங்கள். கரண்டையின் உள்முட்டுக்கு நாலு விரல் மேலே கட்டைவிரலை வைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு வழியே ஒவ்வொரு செ.மீ.ஆக அமுக்கிக்கொண்டே ஏறுங்கள். நோகிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஐந்து செ.மீ. அல்லது அதற்கு மேல் வரிசையாக நீண்டால், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வும் எலும்பின் விளிம்பும் சுமை தாங்காமல் புண்பட்ட நிலை. ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், மறுநாள் காலை முதல் அடியில் திரும்ப வரும். ஒரே ஒரு புள்ளியில் ஊசி குத்துவதுபோல் வலித்தால், படுத்திருக்கும்போதும் வலி இருந்தால், நடக்கவே நொண்டினால், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அதில் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற சீட்டை நம்பி ஓடப் போய் விரிசல் முறிவாகிவிடும். ஒரே புள்ளி வலி என்றால் எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேளுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சவ்வு வலிதான் என்று தோன்றுகிறது. காரணங்களையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எலும்பு ஓட்டத்தின் அடியை வாங்கி, கொஞ்சம் தேய்ந்து, பிறகு முன்னைவிடக் கெட்டியாகத் தன்னைக் கட்டிக்கொள்ளும். அதற்கு ஓய்வு நாளும் தூக்கமும் வேண்டும். நீங்கள் இரண்டையும் கொடுக்கவில்லை. அதோடு கடற்கரை. அலை நனைத்த மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். கடல் வலதுகைப் பக்கமாக இருக்க ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் இடது கால் மேட்டுப் பக்கத்தில் உள்நோக்கிச் சரிந்து விழும். பாதத்தின் வளைவு அமுங்கி, கெண்டையின் உள்தசை எலும்பைப் பிடித்து இழுக்கும். உலர்ந்த மணலோ குதிகாலை அமிழ்த்தி கெண்டையை இன்னும் இழுக்கும். வாரம் முழுக்கத் தடித்த ஷூவில் தார் ரோடு, ஞாயிறு வெறுங்காலில் சரிவு மணல் என்று கால் ஒன்றுக்கும் பழகவில்லை.

இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. நடக்கும்போது வலி இல்லையென்றால் நடக்கலாம். வலிக்கும் இடத்தில் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை வையுங்கள். வலி இறங்கியதும் கெண்டையைப் பலப்படுத்த வேண்டும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மூன்று எண்ணும் நேரத்தில் ஏற்றி மூன்று எண்ணும் நேரத்தில் இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15, லேசாக மடக்கி 15. மடக்கிச் செய்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், எலும்பை ஒட்டிய ஆழமான தசை வேலை செய்வது அதில்தான். இப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரத்தில் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஒரு அடி முன்னால் வைத்து, குதிகால் தரையிலிருக்க விரல்பக்கத்தை மட்டும் 20 தடவை தூக்குங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஓடுவதற்கு முன் டைக்ளோஃபெனாக் போடாதீர்கள். நிறுத்து என்று கால் சொல்வதை அது உங்கள் காதில் விழாமல் செய்துவிடுகிறது. வியர்த்து நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, பி.பி.யையும் ஏற்றுகிறது. உங்கள் பி.பி. ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. சிவாலய ஓட்டத்தின் அன்றும் இதே விதிதான். நாள் முழுக்க நடந்து தசை நைந்து, கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் சிறுநீர் போனால் அங்கேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலி மாத்திரையும் சேர்ந்திருந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

அப்பாவுக்கு 52-ல் மாரடைப்பு என்றால் உங்களுக்கு ஒரு ஈ.சி.ஜி., கொழுப்பு அளவுகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. கட்டாயம் பார்க்கவேண்டும். ட்ரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்பதை ஈ.சி.ஜி.யைப் பார்க்கும் மருத்துவர் சொல்வார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை 112 என்பது நோய்க்கு முந்தின நிலை. 126-ஐத் தொட்டோ தாண்டியோ போய், இன்னொரு தடவை பார்த்தும் அப்படியே இருந்தால்தான் நோய். பி.பி.யை ஒரே அளவை வைத்து முடிவுசெய்ய முடியாது. மேல்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். சாயா குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து அளந்துபாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் இரவும், ஏழு நாள். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.

இனி, உடம்பைச் சரிபண்ணினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தீர்களே, அதற்கு வருகிறேன். பயணம், வேலை, உடம்பு, வீடு என்று கடிதத்தில் நான்கும் தனித்தனியாக நிற்கின்றன. நான்கும் எடுப்பது ஒரே பானையிலிருந்துதான். உங்கள் நாளை உங்கள் எண்களை வைத்தே கழித்துப் பார்ப்போம்.

6.20-க்குக் கிளம்பி 8.40-க்குத் திரும்பினால் 14 மணி 20 நிமிடம் போயிற்று. மிச்சம் 9 மணி 40 நிமிடம். ராத்திரி கால் முடிந்து ஃபோனை வைத்துவிட்டுத் தூங்க 11.45 ஆகும் என்று வைத்தால், 4.15 வரை தூக்கம் நாலரை மணி நேரம். மிச்சம் 5 மணி 10 நிமிடம். ஓட்டத்துக்குப் போய்வர 1 மணி 20 நிமிடம். ராத்திரி கால் ஒரு மணி நேரம். குளியல், சாப்பாடு, புறப்பாடு ஒன்றேகால் மணி நேரம். படுக்கையில் ஃபோன் முக்கால் மணி நேரம். எல்லாம் போக நிற்பது 50 நிமிடம். ஒன்பது ஒன்பதேகாலுக்குத் தூங்கிவிடும் பிள்ளைக்கு அதில் கிடைப்பது அரை மணி நேரம்கூட இல்லை. உங்கள் மனைவி சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை அல்ல, நேர்க்கணக்கு. இந்த ஐந்து வாரமாக ஓட்டத்துக்கு நீங்கள் எடுத்த நேரமும் அவருடைய காலைப்பொழுதுதான். அடுப்பு, பிள்ளை, டிபன் பாத்திரம், அம்மா, தன்னுடைய பள்ளிக்கூடம் என்று அவர் ஒற்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் நீங்கள் ரோட்டில் ஓடுகிறீர்கள்.

நாலரை மணி நேரத் தூக்கம் உடற்பயிற்சியையே வீணாக்கும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு ஏறும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் சுரப்பு இறங்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பி.பி. இறங்க வேண்டிய ராத்திரியிலும் இறங்காது. எலும்பும் தசையும் பழுது பார்க்கப்படுவது தூக்கத்தில்தான். ஆகவே ஆபீஸ் நாட்களில் அதிகாலை ஓட்டத்தை எடுத்துவிடுங்கள். ஃபோன் கால் இல்லாத இரவுகளில் 10.20-க்குப் படுத்து 5.10-க்கு எழுந்தால் ஏழு மணி நேரத்துக்குப் பக்கம் வரும். ராத்திரி ஃபோன் காலை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைக்க முடியுமா என்று ஆபீஸில் கேளுங்கள். சாயாவும் காபியும் மாலை நாலு மணிக்குப் பிறகு வேண்டாம், குடித்ததில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம்போல் ஆகும்.

குறட்டையைச் சாதாரணமாக விடாதீர்கள். சட்டைக் காலர் 16 அங்குலத்துக்கு மேலா? தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா? இதற்குப் பதில் பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஏழு மணி நேரம் தூங்கியும் ரயிலில் ஏறியதும் குழித்துறை வருவதற்குள் கண் சொருகினால் தூக்க ஆய்வு செய்யவேண்டும். அதைச் சரிசெய்யாமல் பி.பி.யும் சர்க்கரையும் இறங்குவது கடினம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளை வெள்ளியிலிருந்து புதனுக்கு மாற்றக் கிடைத்தால் மாற்றுங்கள். நாலு நாள் தொடர் பயணம் இரண்டும் இரண்டுமாக உடையும், களைப்பு சேராது.

அப்படியென்றால் உடற்பயிற்சி எப்போது? பயணத்துக்குள்ளேயே. கழக்கூட்டம் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸுக்கு ஆட்டோ பிடிக்காமல் நடங்கள், திரும்பும்போதும் அப்படியே. மதியச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் 12 நிமிடம் நடை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தசை நேரடியாக இழுத்துக்கொள்ளும் நேரம் அது. ரயிலில் பாறசாலை தாண்டியதும் எழுந்து நெய்யாற்றின்கரை வரை நில்லுங்கள், நின்றபடியே குதிகாலை 30 தடவை ஏற்றி இறக்குங்கள். லேப்டாப் பையை ஒரே தோளில் தொங்கவிடாதீர்கள். சென்னை போன்ற தூரத்துக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது, விழித்திருக்கும் மணிக்கொருதரம் பாதத்தை 20 தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்குங்கள். ராத்திரியில் இறங்கவேண்டி வருமே என்று தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, ரத்தம் உறைவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

வாரம் இரண்டு நாள், புதனும் சனியும், வீட்டிலேயே 20 நிமிடம் பலப்பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12, கட்டில் விளிம்பில் கை ஊன்றி தண்டால் 10, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 15, புத்தகம் நிறைத்த பையைக் குனிந்து இழுப்பது ஒவ்வொரு கைக்கும் 12. மூன்று சுற்று. தொடைக்கும் இடுப்புக்கும் பலமில்லாமல் நீண்ட தூரம் நடப்பவர்களின் கால் பாதி வழியிலேயே உள்பக்கம் சரியும், பிறகு பழைய இடத்திலேயே வலி வரும்.

சாப்பாட்டில் நம் ஊர்ப் பழக்கத்தை விடச் சொல்லமாட்டேன். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் நல்ல சாப்பாடு. தவறு எங்கே என்றால், கிழங்கும் தின்று மேலே சோறும் போட்டுக்கொள்வதில். அவித்த மரச்சீனி 200 கிராமில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து, அதே எடை சோற்றில் 55 கிராம். கிழங்கு இருக்கும் இரவில் சோறு வேண்டாம், கிழங்கு ஒரு கைப்பிடி அளவு, மீன் இரண்டு பங்கு. சாளை, அயிலை எதுவானாலும் 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். பொரிக்காமல் குழம்பில் போடுங்கள். மட்டிப்பழம் ஒன்று போதும், சீப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்டேஷனில் பழம்பொரியும் சாயாவும் பழக்கம் என்றால், அதற்குப் பதில் அவித்த கடலையோ முட்டையோ பையில் இருக்கட்டும், ஆறரைக்குச் சாப்பிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பசியோடு உட்கார்பவருக்கு அளவு நிற்காது. எடையில் ஏழு சதவீதம், அதாவது ஆறு கிலோ குறைந்து 78-க்கு வந்தால் போதும். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் வரட்டும். எடைக்கருவி அசையவில்லை என்று சோரவேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனின் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தின நிலையில் இருந்தவர்கள் நடையையும் சாப்பாட்டையும் திருத்தியதில், எடை பெரிதாகக் குறையாமலேயே நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது.

சிவாலய ஓட்டத்துக்குப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் பெயரில்தான் ஓட்டம். முன்சிறை திருமலையிலிருந்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலம் வரை, நாற்பதை எட்டிய உடம்பு முழுத் தூரத்தையும் ஓடித் தீர்க்காது. நடையும் இடையிடையே சின்ன ஓட்டமும்தான். ஆகவே பயிற்சியும் நடையாகவே இருக்கட்டும். மூன்றாவது வாரத்தில் ஞாயிறு நடையைத் தொடங்குங்கள். ஆறு கிலோமீட்டர், பிறகு 8, 10, அடுத்த வாரம் 7-க்கு இறக்கம். பிறகு 12, 14, 16, இறக்கம் 11. பிறகு 18, 21, 24, இறக்கம் 16. பிறகு 27, 30, இறக்கம் 20, கடைசியாக 35. அதற்குப் பின் 20, 10 என்று குறைத்துக்கொண்டு வந்தால் இருபது வாரம் ஆகிவிடும். இறக்க வாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள், எலும்பு கெட்டிப்படுவது அந்த வாரத்தில்தான். வலி பத்துக்கு இரண்டு வரை இருந்து மறுநாள் காலையில் மறைந்தால் தொடரலாம். மறையாவிட்டால் முந்தின வாரத்துத் தூரத்துக்குத் திரும்புங்கள்.

பாதத்தை வெறுங்காலுக்குத் தனியாகப் பழக்க வேண்டும். மூன்றாவது வாரம் பள்ளி மைதானப் புல்லில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பத்தாவது வாரம் 40 நிமிடம் வரும். பிறகு தாருக்கு மாறி, கடைசி மாதம் ஞாயிறு நடையின் பாதித் தூரம் வெறுங்காலில். தடித்துவரும் தோலைத் தேய்த்து எடுக்காதீர்கள். நகத்தை நாலைந்து நாள் முன்பே நேராக வெட்டுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பாதம் ஊறினால் கொப்புளம் சீக்கிரம் வரும். நனைந்த காலைத் துடைத்து, விரலிடுக்கிலும் தொடை இடுக்கிலும் வாசலின் தடவுங்கள். பெரிதாக ஒரு கொப்புளம் வந்தாலும் தோலைப் பிய்க்க வேண்டாம், ஓரத்தில் சுத்தமான ஊசியால் குத்தி நீரை மட்டும் வடித்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஓட்டத்தின் அன்று பகல் 11 முதல் 3 வரை தாரில் கால் வைக்காதீர்கள். வழியில் கிடைக்கும் மோர், கஞ்சியை ஒரேயடியாக வயிறு முட்டக் குடிக்காமல் அரை மணிக்கு ஒரு டம்ளராக எடுங்கள்.

30, 35 கிலோமீட்டர் நடை என்றால் ஆறு ஏழு மணி நேரம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு ஞாயிறுகளையும் மனைவியிடம் ஒரு மாதம் முன்பே கேட்டு, அவர் சரி என்ற பிறகே காலண்டரில் எழுதுங்கள். அவருக்கும் வாரத்தில் ஒரு முழுப் பொழுது, யாரும் எதுவும் கேட்காத பொழுது, அதே காலண்டரில் இருக்கவேண்டும். பன்னிரண்டாவது வாரத்தில் வீடு இன்னும் மௌனமாகவே இருந்தால் இந்த வருஷம் கூட்டாளிகளோடு வண்டியில் போய்வாருங்கள். அப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மனைவியிடம் பேசுவதைப் பற்றி. "ஏன் பேசமாட்டேங்கிற?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழும். "நான் ஏதாவது உதவி பண்ணட்டா?" என்பதும் வேண்டாம். உதவி என்று சொல்லும்போது வேலை அவருடையது என்று ஆகிவிடுகிறது. ஒரு வேலையை அடி முதல் நுனி வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகல், பிள்ளை விளையாடப் போன நேரத்தில், ஃபோன் இல்லாமல் உட்கார்ந்து உங்கள் பேச்சிலேயே இப்படிச் சொல்லலாம்: "நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு நாளைக்கு உங்க எல்லாருக்கும் சேத்து அம்பது நிமிஷம்தான் நான் வீட்டுல இருக்கேன். நீ சொன்னது சரிதான். ஆபீசு நாளுல இனி ஓடப் போகல்ல. காலம்பற பிள்ளைக்க டிபனும், டைரி பாத்து ஒப்புப் போடுறதும், பீஸ் கட்டுறதும் எனக்க வேல." இதோடு நிறுத்துங்கள். உங்கள் களைப்பை, ரயில் கூட்டத்தை, ஆபீஸ் நெருக்கடியை அதே பேச்சில் சேர்த்தால் முன்னால் சொன்னது கரைந்துவிடும்.

டிபன் உங்கள் வேலை என்றால், மாவு இருக்கிறதா என்று முந்தின இரவே பார்ப்பதும், இல்லையென்றால் வாங்குவதும், பிள்ளைக்கு எது பிடிக்காது என்று தெரிந்திருப்பதும் உங்கள் வேலைதான். "மாவு எங்க இருக்கு?" என்று காலை 5.30-க்கு அவரை எழுப்பினால் வேலை பழையபடி அவரிடமே போய்விடும். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண்ணையும் சேருங்கள். இரவு வந்ததும் முதல் இருபது நிமிடம் ஃபோனைப் பையிலிருந்து எடுக்காமல் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "படிச்சியா?" என்று கேட்காமல், இன்றைக்குப் படித்த ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த எழுத்தில் தடுக்கிறாள், எந்தக் கணக்கில் விரலை எண்ணுகிறாள் என்பது பத்து நாளில் உங்களுக்குத் தெரிந்துவிடும். மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

முதல் வாரம் நீங்கள் கட்டிய டிபனை அவர் திறந்து பார்ப்பார், திருத்துவார். முகம் சுளிக்காதீர்கள். "எத்தனை நாளைக்கு?" என்றும் கேட்கலாம், கேட்கட்டும். மூன்றாவது வாரம்வரை உங்களுக்குப் பாராட்டு எதுவும் வராது. பெரும்பாலானவர்கள் கைவிடுவது அங்கேதான். ரயில் தாமதம் என்றால் வீட்டுக்கு வந்து காரணம் சொல்வதைவிட மாலை ஆறு மணிக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பேச்சு சண்டையானால் இரவு பத்துக்குமேல் நீட்ட வேண்டாம். "நாளைக்கு சாயங்காலம் பேசலாம்" என்று சொன்னால், மறுநாள் நீங்களே தொடங்கவேண்டும். அம்மா ஏதாவது சொன்னால் அதை மனைவியிடம் கொண்டு போகாதீர்கள், மனைவி சொன்னதை அம்மாவிடமும் கொண்டு போகாதீர்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மருந்து வாங்குவது இனி உங்கள் கணக்கில் வரட்டும்.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். அவருடைய மௌனம் உங்களோடு மட்டும்தானா, எல்லாரோடுமா? இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிள்ளையோடும் ஒட்டாமல், முன்பு பிடித்ததெதுவும் பிடிக்காமல் இருந்தால் அது கோபமல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "உனக்கு ஏதோ பிரச்சினை" என்று சொல்லி அனுப்பாமல், "ரெண்டுபேருமா போவோம்" என்று கூப்பிடுங்கள். வாழவேண்டாம் என்ற பேச்சு அவரிடமிருந்து ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

எச்.பி.ஏ.1.சி.யை மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது. கால் வலி ஆறு வாரத்தில் அடங்காவிட்டால் நேரில் காட்டுங்கள்.

பத்தாவது வாரம், வெறுங்கால் நடை 40 நிமிடத்துக்கு வந்திருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மாலை மூன்று பேருமாகக் கல்குளம் நீலகண்டசுவாமி கோவிலிலிருந்து மேலாங்கோடுவரை நடந்து வாருங்கள். பன்னிரண்டு கோவில்களில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பவை இவை, உங்கள் வீட்டுக்கும் பக்கம். தார் சூடு ஆறிய பிறகு ஐந்து மணிவாக்கில் கிளம்பினால் போதும். பிள்ளைக்குச் செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் இருக்கட்டும், உங்களுக்குச் செருப்பு வேண்டாம். வேகத்தை மகள் வைக்கட்டும், அந்த வேகம்தான் அன்றைக்கு உங்கள் பாதத்துக்கும் சரி.